பிராவோ, பிராவா, பிராவி, பிராவே: ஓபரா அரங்கின் பாராட்டுச் சொல்லும் அதன் நான்கு விகுதிகளும்

கதையைப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகமான ஓபரா முடிந்து திரை இறங்கியதும் பாடகர்கள் ஒவ்வொருவராக மேடையின் முன்பக்கம் வந்து வணங்குவார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கிலோ நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கிலோ அப்போது எழும் கூச்சலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். உயர்ந்த ஆண்குரலில் பாடும் டெனர் பாடகர் வரும்போது ‘பிராவோ!’ உச்சப் பெண்குரலில் பாடும் சொப்ரானோ பாடகி வந்ததும் ‘பிராவா!’ எல்லாரும் கைகோத்து நிற்கும்போது ‘பிராவி!’ இவை மூன்று தனிச் சொற்கள் அல்ல. ஒரே சொல்லின் விகுதி, எதிரே நிற்பவரைப் பார்த்து மாறுகிறது. நான்காவதாக ‘பிராவே’ என்றும் ஒன்று உண்டு. அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்கு முதல் வடிவம் மட்டுமே பழக்கம். பலருக்கு அதுவும் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடிய டுவைன் பிராவோவின் பெயராகத்தான் முதலில் தெரிந்திருக்கும். மற்ற மூன்றையும் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகாது. எந்த ஆளுக்கு எந்த வடிவம் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் தடுமாற்றம் வரும்.

சொல்லின் பொருள்

இத்தாலியில் இது அரங்கத்துக்கென்றே உண்டான சொல் அல்ல, அன்றாடப் பேச்சில் புழங்கும் பெயரடை. கணக்கைச் சரியாகப் போட்ட மாணவியிடம் ஆசிரியர் ‘பிராவா’ என்பார். தட்டைக் காலி செய்த பையனிடம் அம்மா ‘பிராவோ’ என்பாள். வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளையிடம் ‘ஃபாய் இல் பிராவோ’ என்றால் ‘சமத்தாக இரு’ என்று பொருள். பெண் பிள்ளையாக இருந்தால் அதே வாக்கியம் ‘ஃபாய் லா பிராவா’ ஆகும். திறமை, நல்ல குணம், சமத்து ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே சொல் போதும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் திறமையையும், முன்னால் வந்தால் குணத்தையும் சுட்டும்.

துணிச்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். அதனால் ‘பிராவோ’ என்றால் ‘தைரியசாலி’ என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இன்றைய இத்தாலியில் தைரியசாலிக்கு வேறு சொல் இருக்கிறது: ‘கொராஜோசோ’. ஆனால் பழைய இத்தாலிய மொழியில் முரட்டுத்தனத்தின் சாயல் இதற்கு இருந்தது உண்மை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் பிரபுக்கள் வைத்திருந்த கூலி அடியாட்களை ‘பிராவி’ என்றே அழைத்தார்கள். அதே பன்மை வடிவத்தைத்தான் இன்று ஆர்கெஸ்ட்ராவைப் பார்த்துச் சொல்கிறோம்.

நான்கு வடிவங்கள்

இத்தாலியப் பெயரடை, தான் சார்ந்த ஆளின் பாலையும் எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். தமிழில் ‘நல்ல பாடகர்’, ‘நல்ல பாடகி’ என்னும்போது ‘நல்ல’ அப்படியே நிற்கிறது. அதுவே தனித்து நின்றால் நல்லவன், நல்லவள், நல்லவர்கள் என்று விகுதி ஏற்கிறது அல்லவா? பிராவோவின் மாற்றமும் அப்படிப்பட்டதுதான்.

ஓர் ஆணுக்கு ‘பிராவோ’. ஒரு பெண்ணுக்கு ‘பிராவா’. ஆண்கள் பலர் என்றாலும், ஆணும் பெண்ணும் கலந்து நின்றாலும் ‘பிராவி’. பெண்கள் மட்டும் என்றால் ‘பிராவே’. கலந்த கூட்டத்துக்கான விதி கறாரானது: பத்துப் பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் நின்றாலும் ‘பிராவி’தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே இதில் ஒரு பொறி இருக்கிறது. நமக்கு மரியாதை என்றால் பன்மை. ஒருவரே ஆனாலும் ‘வந்தார்கள்’ என்போம். அந்தப் பழக்கத்தில், எண்பது வயது மேதை ஒருவர் தனியாக மேடைக்கு வரும்போது ‘பிராவி’ என்று சொல்லத் தோன்றலாம். சொல்லக் கூடாது. இத்தாலியில் இந்தச் சொல்லின் பன்மை எண்ணிக்கையை மட்டுமே குறிக்கும், மரியாதையை அல்ல. தனி ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ‘பிராவோ’ அல்லது ‘பிராவா’தான். ஒருமையில் சொல்வதில் அங்கே அவமரியாதை துளியும் இல்லை.

இன்னும் அழுத்திச் சொல்ல ‘இஸ்ஸிமோ’ என்னும் மிகுதி விகுதி சேர்க்கலாம்: பிராவிஸ்ஸிமோ, பிராவிஸ்ஸிமா, பிராவிஸ்ஸிமி, பிராவிஸ்ஸிமே. ரோஸ்ஸினியின் ‘செவில் நகரத்து முடிதிருத்துநர்’ 1816இல் ரோமில் அரங்கேறியது. அதில் ஃபிகாரோ தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ‘பிராவோ, பிராவிஸ்ஸிமோ’ என்று பாடுகிறான். ஆண் தன்னையே புகழ்கிறான், அதனால் ஆண்பால். இந்த மிகுதி வடிவத்தை அடிக்கடி செலவழிக்க வேண்டாம். உண்மையிலேயே அசாதாரணமான இரவுகளுக்கு அதை வைத்துக்கொள்வது நல்லது.

விகுதி யாரோடு ஒட்டுகிறது?

பாராட்டப்படும் ஆளோடு. பாராட்டுகிறவரோடு அல்ல. ‘நான் பெண், அதனால் பிராவா என்றுதானே சொல்ல வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. சொல்பவர் யாராக இருந்தாலும் வடிவம் மாறாது. டெனரைப் பார்த்து ஒரு பெண் சொன்னாலும் ‘பிராவோ’தான்.

அடுத்தது, கதாபாத்திரம். ஓபராவில் இளைஞன் வேடத்தைப் பெண் பாடுவது பழைய மரபு. மோசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ 1786இல் வியன்னாவில் அரங்கேறியது. அதில் வரும் கெருபினோ வயசுப் பையன், ஆனால் பாடுவது பெண். கதையில் அந்தப் பையனுக்குப் பெண் வேடம் வேறு போட்டுவிடுவார்கள். பையனாக நடிக்கும் பெண், பெண்ணாக வேடம் கட்டி நிற்பாள். இந்தச் சிக்கல் எதுவும் உங்களைக் குழப்ப வேண்டியதில்லை. வணங்க வருவது பாடகி, அதனால் ‘பிராவா’.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டெர் ரோசன்காவலியர்’ இதற்கு இன்னும் நல்ல பயிற்சி. 1911இல் டிரெஸ்டனில் அரங்கேறிய இந்த ஓபராவின் கடைசிப் பகுதியில் புகழ்பெற்ற மூவர் பாட்டு ஒன்று வரும். சீமாட்டி, அவளுடைய இளங்காதலன் ஒக்டாவியன், அவன் மனம் நாடும் இளம்பெண் சோஃபி ஆகியோர் பாடுவது. கதையின்படி இரண்டு பெண்கள், ஓர் ஆண். கதையைப் பார்த்தால் ‘பிராவி’ என்று தோன்றும். ஆனால் ஒக்டாவியனைப் பாடுவதும் பெண்தான். மேடையில் நிற்பவர்கள் மூவரும் பெண்கள் என்பதால் ‘பிராவே’.

குரலின் உயரமும் வழிகாட்டாது. ஹாண்டலின் ‘ஜூலியஸ் சீசர்’ 1724இல் லண்டனில் அரங்கேறியபோது சீசராகப் பாடியவர் செனெசினோ. குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட காஸ்ட்ராட்டோ பாடகர்களில் ஒருவர் அவர். அந்தக் கொடுமை ஒழிந்துவிட்டது. இன்று அதே பாத்திரத்தைச் சில அரங்குகளில் சொப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த குரலுடைய மெஸ்ஸோ பாடகி பாடுகிறார், சிலவற்றில் உச்சக் குரலில் பாடும் கவுன்டர்டெனர் ஆண் பாடுகிறார். சுரம் ஒன்றேதான். ஆனால் முன்னவருக்குப் ‘பிராவா’, பின்னவருக்குப் ‘பிராவோ’. வானொலியில் கேட்டு மட்டும் முடிவு செய்ய முடியாது. நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையிலும் இப்படி உண்டு. அமெரிக்கப் பாரிடோன் லூசியா லூகாஸ் ஒரு திருநங்கை. 2019இல் அமெரிக்காவின் டல்சா நகர ஓபரா நிறுவனத்தில் மோசார்ட்டின் டான் ஜொவான்னியாகப் பாடினார். பாத்திரம் ஆண், குரல் ஆழ்ந்த ஆண்குரல் வகை, கலைஞர் பெண். அதனால் ‘பிராவா’. பாத்திரத்தையும் குரலையும் ஒதுக்கிவிட்டு மனிதரை மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தன்னை வைத்துக்கொள்ளாத கலைஞர் என்றால் பேசாமல் கையைத் தட்டுங்கள். கைதட்டலுக்கு விகுதி கிடையாது.

இலக்கணம் தெரிந்தவர்களையும் தடுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. ‘சொப்ரானோ’ என்னும் சொல் இத்தாலியில் மரபாக ஆண்பால். இன்று அதைப் பெண்பாலாகவும் ஆள்கிறார்கள் என்றாலும் பழைய வழக்கு அதுதான். வாத்தியக் குழுவைக் குறிக்கும் ‘ஒர்க்கெஸ்த்ரா’ பெண்பால் ஒருமை. பாடகர் குழுவைக் குறிக்கும் ‘கோரோ’ ஆண்பால் ஒருமை. அப்படியானால் பாடகிக்குப் பிராவோ, வாத்தியக் குழுவுக்குப் பிராவா என்று ஆகுமா? ஆகாது. நீங்கள் வாழ்த்துவது அகராதிச் சொல்லை அல்ல, அங்கே இருக்கும் ஆட்களை. பாடகிக்குப் பிராவா, வாத்தியக் குழுவுக்குப் பிராவி. பெண்கள் மட்டுமே உள்ள பாடகர் குழுவுக்குப் பிராவே.

நமக்கு நெருக்கமான களங்களில் நடக்கும் இரண்டு ஓபராக்களை வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிஸேயின் ‘முத்துக் குளிப்பவர்கள்’ 1863இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது பழைய இலங்கைக் கடற்கரையில். அதன் உயிர்ப்பான இருவர் பாட்டை டெனரும் பாரிடோனும் பாடுகிறார்கள், அதனால் ‘பிராவி’. டெலிபின் ‘லக்மே’, 1883, அதுவும் பாரிஸ், களம் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியா. அர்ச்சகர் மகள் லக்மேயும் பணிப்பெண் மல்லிகாவும் ஆற்றங்கரையில் பாடும் மலர்ப் பாட்டு உலகம் முழுக்கப் பிரபலம். பாடுபவர்கள் இருவரும் பெண்கள், அதனால் ‘பிராவே’. இந்த இடத்தில் ‘பிராவி’ என்று கூவுகிறவர்களே அதிகம். பன்மை என்றாலே பிராவி என்று மனத்தில் பதிந்துபோவதுதான் காரணம்.

உச்சரிப்பு

முதல் அசையில் அழுத்தம் விழும், அந்த ‘ரா’ நெடில். கடைசி உயிர் குறில். தமிழில் ‘பிராவோ’ என்று எழுதுகிறோமே தவிர, இத்தாலிய ஒலிப்பு ‘ப்ராவொ’ என்பதற்கு நெருக்கம். எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு நம் எழுத்திலேயே இருப்பதால் இது நமக்கு எளிது. ‘பிராவே’யும் அப்படியே: ‘ப்ராவெ’. ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிப்பவர்கள் இதைத் துணிச்சலுக்கான ஆங்கிலச் சொல்லாக, ஒரே அசையாக உச்சரித்துவிடுவார்கள். இரண்டு அசை வேண்டும். முதலெழுத்தைக் ‘கபம்’ என்பதில் வரும் ப போல ஒலியுங்கள், ‘பழம்’ என்பதில் வரும் ப போல அல்ல. பகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் இகரம் நுழையவும் கூடாது.

கூவும்போது நீட்ட வேண்டுமானால் ‘ரா’வை நீட்டுங்கள், கடைசி உயிரை விழுங்காதீர்கள். யாரைப் பாராட்டுகிறீர்கள் என்ற செய்தி முழுக்க அந்தக் கடைசி உயிரில்தான் இருக்கிறது. அது தேய்ந்தால் நான்கு வடிவங்களும் ஒன்றாகக் கேட்கும்.

எந்த நேரத்தில் கூவுவது

வடிவம் தப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரம் தப்பினால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார், அது நியாயமும்கூட.

ரோஸ்ஸினி, டொனிசெட்டி, தொடக்க கால வெர்டி ஆகியோரின் ஓபராக்களில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக முடியும். வாத்தியக் குழு கணீரென்று முத்தாய்ப்பு வைத்து நிறுத்தும். அந்தக் கடைசி அடி விழுந்த பிறகு தாராளமாகக் கூவலாம். புச்சினியில் அப்படி இல்லை. இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் ஓடும். ‘துரன்தோத்’ ஓபராவின் (1926) ‘நெஸ்ஸுன் தோர்மா’ என்னும் டெனர் பாட்டு கச்சேரிகளில் தனியாகப் பாடப்படும்போது அதற்கென்று ஒரு முடிப்பு இருக்கும். முழு ஓபராவில் அந்த முடிப்பு இல்லை. வாத்தியக் குழுவைக் கையசைவால் வழிநடத்தும் இசை நடத்துநர்கள் சிலர் கைதட்டலுக்காக நிறுத்துவார்கள், சிலர் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். நடத்துநரின் கையைப் பாருங்கள். கை மேலே இருக்கும்வரை இசை முடியவில்லை.

மெல்லத் தேய்ந்து முடியும் படைப்புகளில் இன்னும் கவனம் தேவை. சைகோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனியும் மாலரின் 9ஆம் சிம்பொனியும் ஏறக்குறைய மௌனத்தில் கரைந்து முடிகின்றன. அந்த மௌனமும் இசையின் பகுதி. முதல் ஆளாகக் கூவிவிட வேண்டும் என்ற துடிப்பில் எழும் ஒரு ‘பிராவோ’ ஆயிரம் பேர் பிடித்து வைத்திருந்த மூச்சைக் கலைத்துவிடும். மன்னிக்க முடியாத தப்பு என்றால் இந்த விஷயத்தில் இது ஒன்றுதான்.

வணக்கம் சொல்லும் நேரம்தான் நான்கு வடிவங்களுக்கும் வேலை தரும். வழக்கமாகச் சிறு பாத்திரங்கள் முதலில், முதன்மைப் பாடகர்கள் கடைசியில். பிறகு நாயகி ஓரத்துக்குப் போய் இசை நடத்துநரை அழைத்து வருவார். ஆள் மாற மாறச் சொல்லும் மாறட்டும். நடத்துநர் கீழே இருக்கும் வாத்தியக்காரர்களைச் சுட்டிக் காட்டும்போது ‘பிராவி’. பாடகியும் பியானோ வாசிப்பவரும் மட்டும் உள்ள கச்சேரியில், பாடகி கையை நீட்டிப் பியானோக்காரரைக் காட்டினால் அந்த நொடியின் பாராட்டு அவருக்கு உரியது. அவர் ஆணாக இருந்தால் ‘பிராவோ’. இருவரும் சேர்ந்து குனியும்போது ‘பிராவி’.

‘பிராவோ’ மட்டும் சொன்னால் தப்பா?

இத்தாலிய மொழியில் பேசினால் தப்பு. மற்ற மொழிகளில் தப்பு இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது ஆண்பால் ஒருமையை மட்டும் எடுத்து, ‘சபாஷ்’ போல யாருக்கும் மாறாத வியப்புச் சொல்லாக ஆக்கிக்கொண்டன. மாஸ்கோ ரசிகர் பாலே நடனப் பெண்மணியைப் பார்த்துப் ‘பிராவோ’ என்றால் அவர் ரஷ்ய மொழியில் சரியாகவே பேசுகிறார்.

1882இல் ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் வாக்னரின் ‘பார்சிஃபால்’ அரங்கேறியது. மலர்க் கன்னியர் காட்சியில் உற்சாகமாக ‘பிராவோ’ என்று கூவியவரைச் சுற்றியிருந்தவர்கள் ‘உஷ்’ என்று அடக்கினார்கள், கூவியவர் வாக்னரே என்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்வார்கள். அந்த ஓபராவில் முதல் அங்கத்துக்குப் பிறகு கைதட்டுவதில்லை என்றொரு மரபும் அங்கே நெடுநாள் நிலைத்தது. மலர்க் கன்னியர் எல்லாரும் பெண்கள். இத்தாலியராக இருந்தால் ‘பிராவே’ என்றிருப்பார். ஜெர்மானியராகிய வாக்னருக்குப் ‘பிராவோ’ போதும்.

தமிழில் எழுதும்போதும் பேசும்போதும் ‘பிராவோ’ என்று மட்டும் சொல்வதே இயல்பு. ஓபரா அரங்குக்குள் போனால் நான்கையும் கையாளலாம், ஏனென்றால் பாடகர் காதில் அது தனக்கென்று சொன்ன சொல்லாக விழும். அதற்காகப் பக்கத்தில் இருப்பவரைத் திருத்தப் போக வேண்டாம்.

பட்டமும் பாராட்டும் வேறு வேறு என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். 2021 சான்ரெமோ இசைவிழா மேடையில் இசை நடத்துநர் பியாத்ரிச்சே வெனேசி, தன்னை, நடத்துநர் என்னும் பட்டத்தின் பெண்பாலில் ‘திரெத்ரிச்சே’ என்றழைக்காமல் ஆண்பாலில் ‘திரெத்தோரே’ என்றே அழைக்கும்படி சொன்னார். இத்தாலியில் பெரிய விவாதம் எழுந்தது. இசை நடத்துநர்களை மரியாதையாக அழைக்கும் ‘மாயெஸ்த்ரோ’வின் பெண்பாலான ‘மாயெஸ்த்ரா’ இத்தாலியக் காதுக்குப் பள்ளி ஆசிரியையைத்தான் முதலில் நினைவூட்டும். அதனால் பட்டங்களில் இந்த இழுபறி தொடர்கிறது. பாராட்டுச் சொல்லில் அப்படி எந்தச் சர்ச்சையும் இல்லை, பெண் நடத்துநருக்குப் ‘பிராவா’.

விகுதி மாறாத சில சொற்கள்

‘பிஸ்’ என்றால் ‘மறுபடியும்’. லத்தீனில் ‘இருமுறை’ என்ற பொருளுடைய சொல், பால் வேறுபாடு இல்லை. பாடிய பாட்டையே திரும்பப் பாடச் சொல்லிக் கேட்பது. ஆங்கிலேயர்கள் இதற்குப் பிரெஞ்சுச் சொல்லான ‘என்கோர்’ என்பதைக் கூவ, பிரெஞ்சுக்காரர்கள் ‘பிஸ்’ என்கிறார்கள். ‘பேனே’, அதாவது ‘நன்று’, அதுவும் மாறாது.

இந்தச் சொற்களுக்கு ஒரு காலத்தில் விலைப்பட்டியலே இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு கைதட்டும் கூட்டத்துக்குக் ‘கிளாக்’ என்று பெயர். 1919இல் லண்டனின் ‘மியூசிக்கல் டைம்ஸ்’ இதழ் இத்தாலியக் கிளாக் ஒன்றின் கட்டணத்தை அச்சிட்டது: மேடைக்கு வரும்போதே கைதட்ட ஆணுக்கு 25 லீரா, பெண்ணுக்கு 15 லீரா. நடுவில் ‘பேனே’ அல்லது ‘பிராவோ’ என்று குரல் கொடுக்க 5 லீரா. எப்பாடுபட்டாவது ‘பிஸ்’ வாங்கித்தர 50 லீரா.

இத்தாலியில் விசிலடிக்காதீர்கள். நம்மூரிலும் அமெரிக்காவிலும் அது மகிழ்ச்சிக் குரல், இத்தாலிய ஓபரா அரங்கில் அது கண்டனம். லா ஸ்காலாவின் மேல்மாடத்துக்கு ‘லொஜ்ஜோனே’ என்று பெயர். மலிவு விலைச் சீட்டில் அங்கே வந்து உட்காரும் ரசிகர்கள் விஷயம் தெரிந்தவர்கள், தயவுதாட்சண்யம் பார்க்காதவர்கள். 2006 டிசம்பரில் ‘ஐடா’ ஓபரா நடந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய எதிர்ப்புக் கூச்சலைத் தாங்காமல் டெனர் ரொபெர்த்தோ அலான்யா மேடையை விட்டே வெளியேறினார். மாற்றுப் பாடகர் ஜீன்ஸ் உடையிலேயே ஓடிவந்து பாட்டைத் தொடர்ந்தார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அதே அரங்கில், பெரு நாட்டு டெனர் ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ், டொனிசெட்டியின் ‘படைப்பிரிவின் மகள்’ ஓபராவில் வரும், ஒன்பது முறை உச்ச சுரத்தைத் தொடும் பாட்டைப் பாடி முடித்ததும் ‘பிராவோ’க்களுக்கு நடுவே ‘பிஸ்’ என்ற குரலும் எழுந்தது. அந்த அரங்கில் 1933க்குப் பிறகு எந்தத் தனிப்பாடகரும் பாடிய பாட்டைத் திரும்பப் பாடியதில்லை. ஃப்ளோரெஸ் முழுப் பாட்டையும் மறுபடி பாடினார்.